மூன்றாம் மேசையின் இரண்டாவது திரை

இரண்டாவது திரைக்கு வரும் நோய்கள் மொத்தம் ஏழு. அதில் ஆறு, கேபிள். ஏழாவது, கேபிளாக இருக்காது என்று நாம் நினைத்து ஒரு நாளை வீணாக்கிய பிறகு, அதுவும் கேபிள்தான் என்று தெரியவருவது. என் பெயர் பூபதி, ஒரு கம்பெனிக்காகக் கணினித் திரைகளைப் பழுது பார்க்கிறவன். 'சிக்னல் இல்லை' என்ற இரண்டு வார்த்தைகளை நம்பிப் பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே 'விளக்கம் கோரப்படுகிறது' என்று ஒரு தாள் வரும். கொங்குப் பக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பமரம், மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள், உள்ளே ஐந்து மேசை. மூன்றாவது மேசை சான்றிதழ் மேசை. வாரிசு, வருமானம், சாதி, முதல் பட்டதாரி என்று ஒரு மனிதன் இன்னார்தான் என்பதற்கான தாள்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். வட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அரசாங்கம் அந்த மேசைக்கு ஓர் இரண்டாவது திரை கொடுத்தது. அலுவலருக்கு முதுகையும் பொதுமக்களுக்கு முகத்தையும் காட்டி நிற்கும் திரை. பெயர், தெளிதிரை.

அதை மாட்டியது நான்தான். மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருக்கும் துளசிமணி அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, திரையைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார். நாற்பத்தெட்டு வயது. அந்த அலுவலகத்தில் எந்தத் தாள் எங்கே தூங்குகிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஏனுங்க தம்பி, இது என்னத்துக்குங்க?"

"நீங்க மனசுல வெச்சிருக்கறதை அந்தப் பக்கம் காட்டுமுங்க அக்கா."

"என்ற மனசுலயா?"

"கேட்ட கேள்வியைப் பத்தி மட்டுமுங்க. மேல உங்க பக்கமாச் சின்னதா ஒரு கண்ணு இருக்குது பாருங்க, அது உங்க இமை, மூச்சு, மொகத்துல ஓடற ரத்தம் எல்லாத்தையும் பாக்கும். எதிர்ல நிக்கறவரு ஒண்ணு கேட்டதும் உங்களுக்கு மொதல்ல ஒண்ணு ஞாபகம் வருமில்லீங்களா? வாயில சொல்றது வேற ஒண்ணா இருந்தா, ஞாபகம் வந்ததை எழுதிப் போட்டுரும். அதோட அந்த வரி உங்க திரையில இருக்கற ஃபைல்லயும் பதிவாயிரும். சட்டப்படி செல்லும்."

"ரெண்டும் ஒண்ணா இருந்தா?"

"திரை சும்மா இருக்குமுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது சும்மாவே இருக்காதுங்களே" என்றார்.

பிறகு ஊர் வழக்கப்படி என் வீட்டைப் பற்றி விசாரித்தார். அப்பா போய் நாலு வருடமாகிறது, மாடி வீடு, மனைவி, ஒரு பெண் குழந்தை என்று சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். "நான் ஒத்தைப் பிள்ளைங்க அக்கா" என்றேன். திரைக்கு நான் இன்னும் மின்சாரம் கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு முதல் மனுதாரர் வந்தார். எழுபது வயதிருக்கும். தோளில் துண்டு.

"என்ற பேத்தியோட சாதிச் சான்றிதழ் என்னாச்சுங்க அம்மிணி?"

"மேல போயிருக்குதுங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார் துளசிமணி அக்கா. இருபத்தைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவருடைய மூச்சோடு கலந்துவிட்ட வாக்கியம்.

திரை மெல்ல வெளிச்சமாகியது. பெரிய எழுத்து. 'மனு மேலே போகவில்லை. இவருடைய மேசையின் இரண்டாவது இழுப்பறையில், முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கிறது.'

பெரியவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "முறுக்கைச் சித்தெ நகத்தி வெச்சுட்டுப் பாருங்க அம்மிணி."

அன்றிலிருந்து மூன்று மாதம் அந்த அலுவலகத்தில் திருவிழா. வேலை இருக்கிறவனும் வந்தான், இல்லாதவனும் வந்தான். எதிர்க்கடை டீ வியாபாரம் இரட்டிப்பானது. 'கோப்பு துணை வட்டாட்சியர் சொல்லி நிறுத்தப்பட்டிருக்கிறது' என்று ஒரு நாள் வந்தபோது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். துணை வட்டாட்சியர் நாச்சிமுத்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை வெளியே வரவில்லை. ஒரு வாரத்தில் யாரோ தெளிதிரைக்கு மாலை போட்டார்கள். உண்மை பேசும் ஒன்றைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை தானாகக் குவியும், அது அடுத்தவனைப் பற்றிப் பேசுகிற வரைக்கும்.

அலுவலகம் சும்மா இருக்குமா? முதலில் திரை தலைகீழாகத் திரும்பியது. ஜனங்கள் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்கள். பிறகு வெளிச்சம் குறைந்தது. டார்ச் அடித்துப் படித்தார்கள். எழுத்து எறும்பு அளவுக்குச் சிறிதானது. ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். கடைசியில் கேபிள். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் புகார் வரும், ஒவ்வொன்றுக்கும் நான் போவேன். மறைத்துப் பேச ஒன்றுமில்லை, கேபிள் வித்தையைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். "முழுசாப் பிடுங்காதீங்க அக்கா. பாதி பிடுங்குங்க. விட்டு விட்டு வரும். ஆரும் சந்தேகப்பட மாட்டாங்க." ஆனால் இரண்டு நாள் பதிவு வரவில்லை என்றால் மாவட்டத்திலிருந்து போன் வந்துவிடும். எனவே எந்த வித்தையும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

நாச்சிமுத்துவுக்குப் பூஜை என்றால் உயிர். ஜீப்பிலிருந்து தாள் குத்தும் ஊசி வரைக்கும் எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த வருடம் தெளிதிரைக்கு முன்னால் வந்ததும் கண்ணை மூடி ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டதாகத் துளசிமணி அக்கா பின்னால் சொன்னார். என்ன வேண்டினார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. வேண்டி முடித்துக் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனத்தை அள்ளி, திரையின் பின்புறம், அலுவலர் பக்கத்து நெற்றியில் எங்கே பொட்டு வைத்தால் பொருத்தமாக இருக்குமோ அங்கே வைத்தார். அங்கேதான் அலுவலரைப் பார்க்கும் கண் இருந்தது.

நாலு நாள் விடுமுறை. சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, எனக்குப் புகார் வந்தது. 'திரையில் சம்பந்தமில்லாத விஷயங்கள் வருகின்றன.' பதினோரு வருடத்தில் இப்படி ஒரு புகாரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் பையில் ஒரு புதுக் கேபிளைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

நான் போனபோது ஓர் இளைஞன் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நின்றிருந்தான்.

"உங்க ஊட்டுல இதுக்கு முந்தி ஆரும் டிகிரி படிக்கலீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ஆரும் இல்லீங்க. நாந்தான் மொதல்."

திரை எழுதியது: 'அண்ணன் பொறியாளர். அண்ணி பல் மருத்துவர். இருவரும் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.'

வரிசை சிரித்தது. அடுத்து வந்தவர் வருமானச் சான்றிதழ். 'இரண்டு கறிக்கோழிப் பண்ணைகளும் மாமியார் பெயரில் இருக்கின்றன' என்றது திரை. வரிசை கொஞ்சம் குறைவாகச் சிரித்தது. மூன்றாவது ஆள் கேள்வி கேட்பதற்கு முன்பே "அடுப்புல பாலு வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். 'பால் இல்லை' என்று திரை அவருடைய முதுகுக்கு எழுதிக் காட்டியது. பத்து நிமிடத்தில் வரிசையில் பாதியைக் காணோம்.

சென்னையில் இருக்கும் எங்கள் மேலாளர் அபர்ணாவுக்குப் போன் போட்டேன்.

"திரைக்கு இந்தப் பக்கமும் ஒரு கேமரா இருக்குல்ல பூபதி?"

"மனுதாரரை போட்டோ எடுக்கறதுக்கு வெச்சதுங்க மேடம்."

"அதான். அலுவலரைப் பாக்கற கண்ணு அடைச்சுக்கிச்சுன்னா, எந்தக் கண்ணு தெறந்திருக்கோ அதுக்கு மாறிக்கும். இவ்வளவு நாள் அங்க உக்கார்ந்திருக்கறவங்க சொல்லாம விட்டது வந்துச்சு. இப்ப எதிர்ல நிக்கறவங்க சொல்லாம விட்டது வருது. மெஷினுக்கு யாரு அரசாங்கம், யாரு பொதுமக்கள்னு தெரியாது. தொடச்சு விட்டுடுங்க, சரியாயிடும்."

துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். நாச்சிமுத்து அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பூஜைச் சந்தனத்தை ஆராச்சும் தொடைப்பாங்களா? அதுவா உதுந்து விழுகற வரைக்கும் கை வெக்கப்படாது. ஆகாது!"

அவருக்குச் சாமி பக்தியும் உண்டு, சந்தோஷமும் உண்டு. எது எவ்வளவு என்று சொல்ல அந்தத் திரையால்தான் முடியும். மூன்று மாதமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அலுவலகம் நிமிர்ந்து உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் ஊர் விடுமா? மூன்று மாதத்துக்கு முன்பு மாலை போட்ட அதே ஜனங்கள், புகாரை முடிக்க நான் மறுபடி போன புதன்கிழமை காலை, ஒரு மனுவோடு வந்தார்கள். 'எங்கள் அந்தரங்கத்தில் அரசு தலையிடுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம். பழுதான திரையை உடனே சரிசெய்க.' நூற்று நாற்பத்து மூன்று கையெழுத்து. மனுவை நீட்டிய தலைவர், தனக்கு இதில் சொந்த லாபம் ஒன்றுமில்லை என்றார். திரை வெளிச்சமாகத் தொடங்கியதும் மனுவை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் சென்னியப்பனும் வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அப்பா இறந்து ஆறு மாதம். வாரிசுச் சான்றிதழ் கேட்டிருந்தார். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, அக்கம்பக்கத்தார் சாட்சி எல்லாம் அடுக்காக இருந்தன. ஒரே வாரிசு, மகன். நாச்சிமுத்துவின் கையெழுத்துகூட ஆகியிருந்தது. துளசிமணி அக்கா முத்திரையை எடுத்துக்கொண்டே, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்கய்யனுக்கு நீங்க ஒருத்தருதானுங்களே?"

"நான் ஒருத்தன்தானுங்க அம்மிணி. வெள்ளிக்கிழமை நல்ல நாளு. பத்திரம் பதியறதுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். கொஞ்சம் வெரசா."

திரை எழுதியது: 'தங்கை ஒருத்தி உண்டு. பெயர் ரங்கநாயகி. அப்பாவைக் கடைசி இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது அவள். விற்கப்போகும் வீட்டில்தான் இருக்கிறாள்.'

யாரும் சிரிக்கவில்லை. துளசிமணி அக்காவின் கையில் முத்திரை அப்படியே நின்றது.

"அது பழுதுன்னு ஊருக்கே தெரியுமுங்களே!" என்று சென்னியப்பன் கத்தினார். "மனுவே குடுத்திருக்காங்க. பழுதான மெஷின் சொல்றதை வெச்சுச் சான்றிதழை நிறுத்துவீங்களா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். விதி இப்படி: நான் புகாரை 'பழுதில்லை' என்று முடித்தால், திரையில் வந்த ஒவ்வொரு வரியும் செல்லும். 'பழுது, சரிசெய்யப்பட்டது' என்று முடித்தால், பூஜை நாளிலிருந்து வந்த எல்லா வரியும் தானாக அழிந்துவிடும். ரங்கநாயகி என்ற பெயர் அந்தக் கோப்பில் இருப்பதும் போவதும் நான் தட்டப்போகும் ஒரு பொத்தானில் இருந்தது.

அக்கா சென்னியப்பனை மத்தியானம் வரச் சொன்னார். அவர் போனதும் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். ரங்கநாயகியின் மனு. தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்பு கொடுத்தது.

"மூணு தடவை வந்துச்சுங்க தம்பி அந்தப் புள்ளை. மூணு தடவையும் அடுத்த வாரம் வான்னு அனுப்பிச்சேன். அன்னைக்கெல்லாம் இந்த வயரு பாதி பிடுங்கியிருந்துச்சு." அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"இப்ப இந்த மனுவை மேல வெச்சுருங்களேன் அக்கா."

"கையெழுத்து ஆன ஃபைலுங்க. புது மனுவை உள்ள வெக்க எனக்கு அதிகாரமில்லை. திரையில வந்த வரி ஒண்ணு ஃபைல்ல இருந்தாத்தான் மறு விசாரணைக்கு அனுப்ப முடியும்."

அவரே போன் செய்து ரங்கநாயகியை வரச் சொன்னார். பதினொன்றரைக்கு வந்தார். மில் வேலையிலிருந்து அப்படியே வந்திருப்பார் போல, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒப்புகைச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"நீங்கதான் ரிப்பேரு பாக்கறவருங்களா?"

"ஆமாங்க."

"ரிப்பேருன்னு எழுதீராதீங்க சாமி. எனக்கு வேற போக்கிடமில்லை. அண்ணன் கெட்டவரில்லீங்க. கல்யாணம் கட்டிக் குடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, அதோட கணக்குத் தீந்துதுன்னு நெனைக்கறாரு. எனக்குப் புருசன் போயி ஊட்டுக்கே திரும்பி வருவேன்னு அவரு நெனச்சிருக்க மாட்டாரு."

"பழுது இருக்குதா இல்லையான்னு சோதிச்சுப் பாத்துதானுங்க எழுதுவேன்" என்றேன். ரொம்ப நியாயமான ஆள் மாதிரிதான் சொன்னேன்.

சோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. புகாரை மூடுவதற்கு முன்னால் பொறியாளர் மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சரிபார்க்க எளிதாக இருக்கட்டும் என்று கம்பெனி சாதாரணக் கேள்விகளாகவே வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டுக்கு வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லித் திரை பிடிக்கிறதா என்று பார்ப்போம். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். எல்லாம் எங்கள் கம்பெனி அறையில், கேபிள் மாட்டிய புதுத் திரைகளில், சகாக்களோடு சிரித்துக்கொண்டே செய்தது. அங்கே நாங்கள் சொல்லும் பொய் எல்லாம் இட்லி தோசை பற்றியதாகத்தான் இருக்கும்.

மத்தியானம் சென்னியப்பனும் வந்துவிட்டார். நாச்சிமுத்து அறை வாசலில் நின்றார். வரிசையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் நெருங்கி வந்தார்கள். அக்கா கேள்வித்தாளை வைத்துப் படித்தார்.

"பேரு?"

"பூபதி."

திரை சும்மா இருந்தது.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"பொங்கலுங்க."

'பழைய சோறு, நேற்றுக் குழம்பு' என்றது திரை. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

"வெளிய மழையா வெயிலா?"

"வெயிலுங்க."

சும்மா இருந்தது.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?"

இதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று நான் தீர்மானிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது பொய் என்பதே எனக்கு நினைவில்லை. நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அக்காவின் 'அடுத்த வாரம் வாங்க' மாதிரி என் மூச்சோடு கலந்துவிட்ட வாக்கியம்.

"நான் ஒத்தைப் பிள்ளைங்க."

திரை எழுதியது: 'அக்கா ஒருத்தி. பெயர் கலாமணி. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா சாகும்போது பெரியவள் வந்தாளா என்று இரண்டு தடவை கேட்டார். இவர் தகவல் சொல்லவில்லை. வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இல்லை. மாடி வீடு இவர் பெயரில் இருக்கிறது.'

ஐந்தாவது கேள்வியை அக்கா கேட்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. முதலில் கோபம்தான் வந்தது. ஒரு சாமான், நான் மாட்டிய சாமான், நான் கேபிள் செருகாவிட்டால் செத்துக் கிடக்கும் சாமான், என்னைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் கோப்பில் பதிவாகிறது. 'பழுதில்லை' என்று நான் கையெழுத்துப் போட்டால் அந்த ஐந்தாறு வரியும் சட்டப்படி செல்லும். எழுந்தேன். கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன்.

"பூஜைச் சந்தனமுங்க!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"பழுதுங்க" என்றேன். "சுத்தப் பழுது."

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டித் துடைத்தேன். என் கையிலிருந்த கருவியில் தட்டினேன்: 'பழுது. சரிசெய்யப்பட்டது. தற்போது திரை முழுமையாக இயங்குகிறது.' கையெழுத்துப் போட்டேன். பூஜை நாளிலிருந்து வந்த வரிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. முதல் பட்டதாரி போனான், கோழிப்பண்ணை போனது, ரங்கநாயகி போனார், என் அக்கா போனாள்.

ரங்கநாயகி எழுந்தார். ஒப்புகைச் சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கருவியைப் பையில் போட்டு மூடினேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனி ஒண்ணும் தடையில்லீங்களே அம்மிணி? முத்திரையைக் குத்துங்க."

துளசிமணி அக்கா முத்திரையைக் கீழே வைத்தார். முறுக்குப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, தன் எதிரே துடைத்துப் பளபளத்த அந்தக் கண்ணை நேராகப் பார்த்து, கல்யாணப் பந்தலில் வரவேற்பவர் மாதிரி சிரித்தபடி சொன்னார்:

"ஒரு தடையுமில்லீங்க. உங்களுக்குத் தங்கச்சின்னு ஒருத்தரு இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

அவருடைய வாழ்க்கையில் அவர் வேண்டுமென்றே, தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்ன முதல் பொய் அது.

திரை எழுதியது. 'தெரியும். பெயர் ரங்கநாயகி. இறந்தவரின் மகள். மூன்று மாதத்துக்கு முன்பு அவர் கொடுத்த மனு இவருடைய இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. இவர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.'

சென்னியப்பன் எழுந்து நின்றார். "பழுதுன்னு இப்பத்தானுங்களே எழுதுனாரு இவரு!"

"இப்ப முழுமையா இயங்குதுன்னும் எழுதியிருக்காருங்களே. இஞ்சினியரு கையெழுத்து இருக்குது. நேரம் போட்டிருக்குது, ரெண்டு மணி பத்து நிமிசம்." அக்கா இழுப்பறையைத் திறந்து அந்த மனுவை எடுத்துக் கோப்பின் மேல் வைத்தார். "மறு விசாரணைக்கு அனுப்பறனுங்க. என்மேலயும் விசாரணை வரும். வரட்டும்."

நாச்சிமுத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோப்பில் அவருடைய கையெழுத்தும் இருந்ததே. சென்னியப்பன் என்னை நோக்கி வந்து ஏதேதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன், கேபிள் நல்லாத்தான் இருக்குதுங்க என்று.

வெளியே வேப்பமரத்தடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் ரங்கநாயகி நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்கக்கா எந்த ஊருல இருக்கறாங்க?"

"பெருந்துறைங்க."

"நல்லா இருக்கறாங்களா?"

"தெரியலீங்க" என்றேன். பெருந்துறைக்கு எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம். அங்கே நாலு அலுவலகத்துக்கு மாதம் இரண்டு தடவை நான் போகிறேன், கேபிள் பார்க்க.

அவர் போன பிறகு போன் செய்தேன். எண்ணை நான் அழித்திருக்கவில்லை, வேறு பெயரில் வைத்திருந்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"கலாக்கா, பூபதி பேசறேன்."

மெதுவாகக் கேட்டாள்: "ஆருக்கு என்ன ஆச்சு சாமி?"

எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குப் போன் போனால் அது சாவுக்காக மட்டும்தான் இருக்க முடியும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதுகூட நான் செய்யாதது. "ஒண்ணும் ஆகலக்கா" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். மனு எழுதுபவர்கள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் மேசை வரிசையில் நானும் நின்றேன். கையில் மனு. இதே அலுவலகம் எனக்குக் கொடுத்த வாரிசுச் சான்றிதழை ரத்து செய்து, கலாமணி பெயரையும் சேர்த்து மறுபடி வழங்க வேண்டும். முறை வந்ததும் உட்கார்ந்தேன். துளசிமணி அக்கா முழுவதையும் படித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். இன்னொரு முறை மனுவைப் பார்த்தார்.

"இதை மேல அனுப்போணுமுங்க தம்பி. அடுத்த வாரம் வாங்க."

திரை வெளிச்சமாகியது. 'மேலே அனுப்ப வேண்டியதில்லை. இப்போதே எண் போட்டுக் கொடுக்கலாம். மனுதாரரின் அக்கா நாலு வருடம் காத்திருந்தாள், மனுதாரர் ஒரு வாரமாவது காத்திருக்கட்டும் என்று இவர் நினைக்கிறார்.'

பழக்கத்தில் கை கேபிளுக்குப் போனது. இரண்டு திருகில் ஒன்று தளர்ந்திருந்தது. இறுக்கினேன். பிறகு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.